பிறவிக் கோளாறுள்ள சின்னக் கண்ணுக்கு லென்ஸ்: எது முதல், எது பிறகு

வெண்புரையோடு, அதாவது கண்ணின் வில்லை வெளுத்து மங்கிப் பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண் கிளினிக்குக்கு வரும் தாய் தகப்பனும், கூட வரும் அம்மம்மாவும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “டொக்டர், லென்ஸ் வைப்பியளோ?” ஐந்தாறு படி தாண்டி வரவேண்டிய கேள்வி அது. அதையே முதலில் பிடித்துக்கொண்டு நின்றால், அதற்கு முன் முடியவேண்டியவை பிந்திப்போகும்.

கண்ணே சிறுத்துப் பிறந்தது, கதிராளியில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வட்டத்தில்) பிளவு உள்ளது, கதிராளியே இல்லாதது, வில்லை இடம் நழுவியது, கருவிலேயே மறைந்திருக்கவேண்டிய குருதிக்குழாய் வில்லையின் பின்னால் எஞ்சி நிற்பது என்று வெண்புரையோடு வேறு சிக்கலும் சேர்ந்த கண்களுக்கான ஒழுங்கு இது. பெற்றோருக்கும், அவர்களுக்கு வழிசொல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கும், கண் வார்ட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் பொதுவாக எழுதியிருக்கிறோம். பிறவியில் கண்ணுக்குள் இருப்பதை வில்லை என்றும், செய்து வைப்பதை லென்ஸ் என்றும் பிரித்துச் சொல்கிறோம்.

1. கண்மணிக்குள் வெள்ளை தெரிந்த அன்றே காட்டுங்கள்

இருண்ட அறையில் ஒளியைக் காட்டினால் சாதாரணக் கண்மணி சிவந்து மினுங்கும். வெள்ளையாகவோ, கறுத்துப் போயோ, இரண்டு கண்ணும் இரண்டு விதமாகவோ தெரிந்தால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போகவேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்திருந்தால் அதையும் அழிக்காமல் கொண்டுபோங்கள்.

அவசரத்துக்குக் காரணம் வெண்புரை மட்டும் அல்ல. விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயும் இதே வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் விழித்திரை தெரியாத எந்தப் பிள்ளையின் கண்ணையும் ஸ்கான் பார்க்காமல் திறக்கக்கூடாது. கட்டியுள்ள கண்ணில் கத்தி வைத்தால் அது வெளியே பரவும்.

எங்கள் ஊரில் இந்தப் படியில் தவறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: “31 கழியட்டும், பிறகு கொண்டுபோவம்.” துடக்குக் கழியும் வரை பிள்ளையை வெளியே எடுப்பதில்லை என்பது வழக்கம்தான். ஆனால் ஒரு கண் வெண்புரைக்கு ஆறு கிழமை, அதாவது 42 நாள்தான் கணக்கு. 31 கழிந்து வெளிக்கிட்டால் கையில் மிஞ்சுவது 11 நாள். அதற்குள் ஸ்கான், குருதிப் பரிசோதனை, மயக்கமருந்துக்கான பரிசோதனை எல்லாம் முடியாது. கண்ணுக்குள் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது இரண்டும் வேண்டாம். வெண்புரை கண்ணுக்குள் இருக்கிறது. மேலே விடுவது அங்கே போகாது, கிருமிதான் போகும்.

2. நாட்கணக்கை முதலில் எழுதுங்கள்

பிறந்த திகதியைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் நாலாம், ஆறாம், எட்டாம் கிழமை முடியும் திகதிகளையும் குறியுங்கள். கிளினிக்கில் திகதி கொடுப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த வெண்புரை என்றால் 4 முதல் 6 கிழமைக்குள் சத்திரசிகிச்சை. இரண்டு கண்ணிலும் என்றால் 6 முதல் 8 கிழமை. இரண்டாவது கண்ணை ஒன்றிரண்டு கிழமைக்குள் முடித்துவிடவேண்டும். மூளை பார்க்கப் பழகும் பருவம் அது. ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் மங்கிய கண்ணை மூளை ஒதுக்கிவிடும். அதனால்தான் ஒற்றைக் கண்ணுக்கு அவகாசம் இன்னும் குறைவு. மூன்று மாதமளவில் கண் ஆட்டம் தொடங்கிவிட்டால் பிறகு எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் பார்வை ஓரளவுக்கு மேல் ஏறாது.

அதற்காக முந்தவும் கூடாது. நாலு கிழமைக்கு முன் வெட்டிய கண்களில் பின்னாளில் கண் அமுக்கம் ஏறிக் குளுக்கோமா வரும் வாய்ப்பு அதிகம்.

எல்லா வெண்புரைக்கும் இந்த ஓட்டம் இல்லை. நடுவில் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த புள்ளியாக இருந்து, சுற்றிவர விழித்திரை நன்றாகத் தெரிந்தால் சொட்டு மருந்தோடும் கண்ணாடியோடும் பொறுத்துப் பார்க்கலாம்.

3. கண்ணைத் தொடுமுன் உடம்பு

புதிதாக வருபவர்கள் சலித்துக்கொள்ளும் படி இது. “கண்ணுக்கு வந்தால் ஏன் இருதய ஸ்கான்?” என்று கேட்பார்கள். சிக்கலான பிறவிக் கண் பெரும்பாலும் தனியே வருவதில்லை.

வில்லை மேலும் வெளிப்புறமுமாக நழுவியிருந்தால் மார்ஃபான் நோயை நினைக்கவேண்டும். இருதயத்தையும் பெருநாடியையும் எக்கோ செய்து பார்க்காமல் மயக்கமருந்து இல்லை. கீழும் உட்புறமுமாக நழுவியிருந்தால் ஹோமோசிஸ்டினூரியாவாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு மயக்கத்தின்போதும் பிறகும் குருதி உறைந்து குழாய் அடைபடும் அபாயம் உண்டு. குருதியில் ஹோமோசிஸ்டீன் அளவு பார்ப்பது சின்ன வேலை. பாராமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

கதிராளி இல்லாத பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் என்ற புற்றுக்கட்டி வரக்கூடும். 11ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இழக்கப்படும்போது கதிராளிக்கான பக்ஸ்6 மரபணுவோடு பக்கத்திலுள்ள மரபணுவும் சேர்ந்து போவதே காரணம். மரபணுப் பரிசோதனை அதை விலக்கும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கான். துண்டு இழப்பு உறுதியானால் 7, 8 வயது வரை அது தொடரும்.

இரண்டு கண்ணிலும் வெண்புரையோடு பால் குடித்தால் வாந்தி, மஞ்சள், நிறை ஏறாமை இருந்தால் கலக்டோசீமியா பார்க்கவேண்டும். பிந்தாமல் கண்டுபிடித்துப் பாலை மாற்றினால் வெண்புரையே குறையலாம். ஆண் பிள்ளைக்கு உடல் தளர்வும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தால் லோவே நோய். தாய்க்குக் கர்ப்பத்தில் ருபெல்லா வந்திருந்தால் காதையும் இருதயத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ருபெல்லா வைரசு வில்லைக்குள் நெடுநாள் உயிரோடு இருக்கும் என்பதால் கர்ப்பிணியான தாதியர் அந்தச் சத்திரசிகிச்சையில் நிற்காமல் விடுவது நல்லது.

4. பயணமும் பட்டினியும்

யாழ் போதனா வைத்தியசாலையில் பார்த்த பிறகு, சிசு மயக்கமருந்துக்காகவோ சிக்கலின் தன்மைக்காகவோ கொழும்புக்கு அனுப்பினால், 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய் இறங்கிய காலையிலேயே சத்திரசிகிச்சை என்று திட்டமிடாதீர்கள். ஒரு நாள் முந்திப் போய்ச் சேருங்கள். பயணக் களைப்பில் சளி பிடித்தால் மயக்கமருந்து வைத்தியர் தள்ளிவைப்பார். அடுத்த திகதிக்குள் கிழமைக்கணக்கு தாண்டிவிடும்.

வழக்கமான பட்டினிக் கணக்கு இது: மாப்பால், பசுப்பால் 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. மயக்கமருந்து வைத்தியர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. “பிள்ளை அழுதது, கொஞ்சம் குடுத்தனான்” என்பதை மறைக்கவேண்டாம். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்கு மயக்கம் தெளிந்தபின் மூச்சு நின்று போகலாம் என்பதால் இரவு முழுக்கக் கண்காணிப்பு வேண்டும்.

நெடுந்தீவு ஆட்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானுக்கு வள்ளம் வராது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் இரண்டு கிழமை பட்டினத்துப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள்.

5. அளவெடுத்தல்: பிழை பிறக்கும் இடம்

முழுவேலையிலும் அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். சிசு நாடியை வைத்து அசையாமல் இருக்காது. அளவை மயக்கத்தில்தான் எடுக்கவேண்டும். எடுப்பவை நாலு: விழிவெண்படலத்தின் (கண்ணின் முன்னால் உள்ள தெளிந்த படலத்தின்) குறுக்களவு, அதன் வளைவு, கண்ணின் முன்பின் நீளம், கண் அமுக்கம். அமுக்கத்தை மயக்கம் ஏறியதும் முதலில் பாருங்கள். மயக்கம் ஆழமானால் எண் இறங்கும்.

பிறந்த கண்ணின் நீளம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர், வளர்ந்தவருக்கு 23 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். நீளத்தில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் பெரியவர் கண்ணில் லென்ஸ் பவர் 2.5 முதல் 3 டயொப்டர் மாறும். சின்னக் கண்ணில் இன்னும் அதிகம். ஸ்கான் முனையை விழிவெண்படலத்தில் வைத்து அழுத்தினால் மெத்தென்ற சிசுக் கண் பள்ளமாகி நீளம் குறைந்து காட்டும். அதனால் சின்னக் கிண்ணத்தில் திரவம் விட்டு, முனை படாமல் எடுக்கும் முறையே நல்லது.

பிளவுள்ள கண்ணில் இன்னொரு பொறி இருக்கிறது. பிளவு பெரும்பாலும் கீழும் மூக்குப்பக்கமுமாக இருக்கும். அது கண்ணின் பின்புறம் வரை போயிருந்தால், விழித்திரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி. ஸ்கான் கதிர் அந்தக் குழிக்குள் விழுந்தால் கண் நீளமாகக் காட்டும். நீளமான கண்ணுக்கென்று பவர் குறைந்த லென்ஸ் வைத்துவிடுவார்கள். இரு கண்ணின் நீளமும் பொருந்தாமல் வந்தால், படமாகக் காட்டும் பி ஸ்கானில் குழியைப் பார்த்துக்கொண்டு திரும்ப அளவெடுங்கள். ஒரே எண் மூன்று தரம் வந்தால் சரி என்று நினைக்கவேண்டாம். குழிக்குள்ளேயே மூன்று தரமும் விழுந்திருக்கலாம்.

6. லென்ஸ் இப்போதா, பிறகா

இப்போதுதான் அம்மம்மாவின் கேள்விக்கு வருகிறோம்.

ஏழு மாதத்துக்குக் குறைந்த, ஒரு கண் வெண்புரையுள்ள 114 சிசுக்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு உடனே லென்ஸ், பாதிப்பேருக்கு கொன்ராக்ட் லென்ஸ். நாலரை வயதில் பார்த்தபோது இரு பக்கமும் நடுநிலைப் பார்வை ஒன்றே. ஆனால் லென்ஸ் வைத்த 57 பேரில் 41 பேருக்குக் கண்ணுக்குள் மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. மற்றப் பக்கத்தில் 12 பேருக்குத்தான். ஏழு மாதத்துக்குள் லென்ஸ் வைக்காமல் விடுவது குறைவான வைத்தியம் அல்ல என்பதை இந்த எண்களை வைத்தே சொல்கிறோம். விதிவிலக்கு ஒன்று உண்டு. கொன்ராக்ட் லென்ஸ் போட்டுக் கழற்றிச் சுத்தம்செய்ய வீட்டில் ஆளில்லை, தொலைந்தால் அடுத்தது வாங்க வழியில்லை என்றால் உள்ளே லென்ஸ் வைப்பதே மேல். வெறுங்கண்ணோடு விடுவது எதிலும் மோசம். இதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சிக்கல் கண்களுக்குத் தனிக் கணக்கு. விழிவெண்படலம் 9 மில்லிமீற்றருக்குக் குறைவு, நீளம் 16 மில்லிமீற்றருக்குக் கிட்ட என்றால் பல நிபுணர்கள் லென்ஸ் வைப்பதில்லை. கடையில் உள்ள லென்ஸ் பெரியவர் கண்ணுக்குச் செய்தது. நடுவட்டம் 6, அதைத் தாங்கிப் பிடிக்கும் இருபக்கக் கையோடு சேர்த்து 12 மில்லிமீற்றருக்கு மேல். சின்னக் கண்ணில் அது நெருக்கி அமுக்கத்தை ஏற்றும். எஞ்சிய குருதிக்குழாய் விழித்திரையை இழுத்துப் பிடித்திருந்தாலும், அமுக்கம் ஏற்கனவே ஏறியிருந்தாலும் பொறுப்பதே சரி.

இரு கண்ணும் வெட்டிய பிள்ளைக்குத் தடித்த கண்ணாடி போதும். மூக்குத்தண்டு இன்னும் எழும்பாத சிசுவுக்குப் பின்னால் இலாஸ்டிக் பட்டி கட்டிய சட்டம் கேளுங்கள்.

7. பவர் தெரிவு: வேண்டுமென்றே குறைத்து

“லென்ஸ் வைச்சும் கண்ணாடியா?” என்று மனமுடையும் இடம் இது. முன்பே தெரிந்திருந்தால் அந்த ஏமாற்றம் வராது. கண் இன்னும் வளரும். வளர வளரக் கிட்டப்பார்வைப் பக்கம் சாயும். இன்றைக்குச் சரியாக வைத்தால் பத்து வயதில் தடித்த மைனஸ் கண்ணாடி. அதனால் இன்றைக்குக் குறைத்து வைத்து, மிச்சத்தைப் பிளஸ் கண்ணாடியால் நிரப்புகிறோம்.

நினைவில் வைக்க லேசான வழி: ஏழிலிருந்து வயதைக் கழியுங்கள். ஒரு வயதில் பிளஸ் 6, மூன்று வயதில் பிளஸ் 4, ஐந்தில் பிளஸ் 2 மிச்சம் இருக்கவேண்டும். ஒரு வயதுக்குக் கீழே 6 முதல் 8. இது தொடக்கக் கணக்குத்தான். மற்றக் கண்ணின் பவர், வீட்டார் கண்ணாடி போடவைப்பார்களா என்பதையும் பார்த்து வைத்தியர் மாற்றுவார்.

8. தியேட்டருக்குள் நடப்பது

சிசுவின் வில்லை மெத்தென்றிருக்கும். உடைக்கத் தேவையில்லை, உறிஞ்சினால் வந்துவிடும். கடினம் அதைச் சுற்றியுள்ள பையில்தான். றப்பர்போல் இழுபடும் பையில் முன்பக்கம் வட்டம் கிழிக்கும்போது அது வெளிப்பக்கம் ஓடும். நீலச் சாயமிட்டு, தடித்த ஜெல்லால் உள்ளறையை நிரப்பி, எப்போதும் நடுவை நோக்கி இழுத்துக் கிழிக்கவேண்டும். நினைத்ததைவிடச் சிறிதாகத் தொடங்குங்கள். முடியும்போது 5 மில்லிமீற்றர் வந்துவிடும்.

பின்பையையும் 4 மில்லிமீற்றர் அளவில் திறந்து, அதன் பின்னாலுள்ள ஜெல்லின் முன்பகுதியையும் வெட்டி எடுக்கவேண்டும். பெரியவருக்கு இதைச் செய்வதில்லை. பிறகு மங்கினால் கிளினிக்கிலேயே லேசர் அடிக்கலாம். சின்னப்பிள்ளை லேசர் முன் இருக்காது, பின்பையோ ஏறக்குறைய எல்லாருக்கும் மங்கும். ஆறேழு வயது வரை இந்தப் படியைத் தவிர்க்கக்கூடாது.

லென்ஸ் பைக்குள் போகவேண்டும். ஒற்றைத் துண்டு அக்ரிலிக் லென்ஸைப் பைக்கு முன்னால் வைத்தால் அதன் தடித்த கை கதிராளியை உரசி நிறம் உதிரும், குருதி கசியும், அமுக்கம் ஏறும். பை தாங்காவிட்டால் முன்னால் வைக்க மூன்று துண்டு லென்ஸ் வேண்டும், பவரை 0.5 முதல் 1.5 வரை குறைக்கவேண்டும். இரண்டும் மேசையில் இல்லாமல் சிக்கல் கண்ணைத் தொடங்கவேண்டாம்.

பிளவுள்ள கண்ணில், பையைத் தாங்கும் பிளவுப்பக்கத்து நார்கள் இருக்காது. மணிக்கூட்டு முகத்தில் மூன்று நாலு மணி அளவு இடைவெளி வரை பைக்குள் வளையம் போட்டு இழுத்துப் பிடிக்கலாம், அதற்கு மேல் என்றால் தைக்கும் வளையம். கதிராளி இல்லாத கண்ணில் பை மெல்லியது, தொட்டால் கிழியும். செயற்கைக் கதிராளி பிள்ளைகளுக்கு வேண்டாம், தழும்பு படர்ந்து அமுக்கம் ஏறும். எஞ்சிய குருதிக்குழாயைச் சூடுவைத்து அடைத்த பிறகே வெட்டவேண்டும்.

லென்ஸ் வைக்காமல் விட்டாலும் பையின் ஓரத்தை வட்டமாக விட்டுவைக்கவேண்டும். முழுவதையும் எடுத்துவிட்டால் பின்னாளில் லென்ஸ் உட்கார இடமில்லை; வெண்விழியில் தைக்கவேண்டி வரும், மெல்லிய 10-0 நூலோ சில வருடங்களில் அறும். கடைசியில் எல்லாத் துளைக்கும் தையல். பிள்ளையின் வெண்விழி தளதளப்பானது, பெரியவர் கண்போல் தானாக மூடாது. பிள்ளை கசக்கவும் செய்யும்.

9. முதல் ஆறு கிழமை

பிள்ளையின் கண் பெரியவர் கண்ணைவிடப் பலமடங்கு சீறும். பிரெட்னிசொலோன் சொட்டு தொடக்கத்தில் நாளுக்கு ஆறெட்டுத் தரம், பிறகு கிழமைக் கணக்கில் குறைத்துக்கொண்டு போவார்கள். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தினால் உள்ளே சவ்வு கட்டி, கண்மணி லென்ஸோடு ஒட்டும்.

அந்தச் சொட்டுப் போத்தலைக் குலுக்கவேண்டும். மருந்து அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் முதல் கிழமை வெறும் நீரும் கடைசியில் தடித்த மருந்தும் போகும். இரண்டு சொட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். திறந்த போத்தல் 28 நாள்தான்.

கண்மணியை விரிக்கும் அற்றோப்பின் போத்தலில் ஒரு றப்பர் பாண்ட் போட்டுவிடுங்கள். இரவு அரைத்தூக்கத்தில் மாறாது. விட்டவுடன் கண்ணின் மூக்குப்பக்க மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், மருந்து தொண்டைக்குள் இறங்காது. முகம் சிவந்து, தோல் உலர்ந்து, காய்ச்சல் அடித்தால் அடுத்த சொட்டை விடாமல் வார்ட்டுக்குப் பேசுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் இது அடிக்கடி தப்பாக “வெயில் காய்ச்சல்” ஆகிவிடுகிறது.

கிணற்றடியில் தலையில் வார்ப்பது, கண்ணுக்கு மை, நல்லூர்த் திருவிழாக் கூட்டம் மூன்றும் வைத்தியர் சொல்லும் வரை இல்லை. இமை வீங்கினால், சீழ் வந்தால், கறுவிழி மங்கினால், பால் குடிக்காமல் வீரிட்டு அழுதால் அடுத்த கிளினிக்கைப் பாராமல் அன்றே போங்கள்.

10. மூடுவது எந்தக் கண்ணை

நல்ல கண்ணை. சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து அதையே மூடிக்கொண்டு வந்த வீடுகள் உண்டு. மூளை ஒதுக்கிவைத்த கண்ணை வேலை செய்யவைக்கத்தான் நல்லதை மூடுகிறோம்.

ஒரு கண் மட்டும் வெட்டிய பிள்ளைக்கு வழக்கமான அளவு: எட்டு மாதம் வரை, எத்தனை மாத வயதோ நாளுக்கு அத்தனை மணித்தியாலம். அதன்பின் விழித்திருக்கும் நேரத்தில் பாதி. சேர்த்துக் கூட்டவேண்டாம், சிசுவில் நல்ல கண்ணும் சோம்பிவிடும். பிள்ளை தூங்கும் நேரம் கணக்கில் இல்லை.

பிளாஸ்டர் தோலில் ஒட்டவேண்டும். கண்ணாடியில் ஒட்டினால் ஓரத்தால் பார்க்கும். வியர்வையில் கழன்றால் ஈரத்தை ஒற்றி உலர்த்திவிட்டு ஒட்டுங்கள். கழற்றும்போது ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவினால் தோல் உரியாது. பால் கொடுக்கும் நேரமும் விளையாட்டு நேரமுமே ஒட்ட நல்ல நேரம். யார் ஒட்டுவது என்பதை வீட்டில் ஒருவருக்கு ஒதுக்குங்கள். அம்மா ஒட்ட, “பாவம் பிள்ளை” என்று அப்பம்மா கழற்றும் வீட்டில் அந்தக் கண் தேறுவதில்லை.

11. அமுக்கமும் பிந்திய லென்ஸும்

குளுக்கோமா முதல் வருடத்திலும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம். ஆகவே அமுக்கம் பார்ப்பது ஆயுள் முழுக்க. பிள்ளைக்கு வலி சொல்லத் தெரியாது. கண் பெருப்பது, வெளிச்சத்துக்குக் கூசுவது, நீர் வடிவது, கண்ணாடியின் பிளஸ் எண் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்குவது இவைதான் அடையாளம். கடைசியது நல்ல செய்திபோல் தெரியும் என்பதால் தப்பிவிடும்.

லென்ஸ் இல்லாமல் விட்ட கண்ணுக்கு, பள்ளிக்கூடம் தொடங்கும் வயதை அண்டி, விட்டுவைத்த பை ஓரத்தின்மேல் வைக்கலாம். அதற்கு முன் நீளம், அமுக்கம், விழித்திரை எல்லாம் புதிதாகப் பார்க்கவேண்டும்; சிசுவில் எடுத்த எண்கள் இப்போது செல்லாது.

லென்ஸ் பெட்டியில் மாதிரி, பவர், தொடரிலக்கம் அச்சிட்ட ஸ்ரிக்கர் வரும். ஒன்று வார்ட்டுக் கோப்பில் ஒட்டப்படும். இன்னொன்றைக் கேட்டு வாங்கிப் பிள்ளையின் பதிவேட்டில் ஒட்டி, கைபேசியிலும் படம் எடுங்கள். இருபது வயதில் லண்டனிலோ ரொறன்ரோவிலோ அந்த லென்ஸை மாற்றவேண்டி வந்தால், அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பது அந்தப் பவரைத்தான்.